கசிவும் குற்றமும்

1

நம் பத்திரிகைகளில் இயந்திரம் வரும்போதெல்லாம் அது வேறொன்றாகவே வருகிறது. ரயில் என்றால் பிரிவு. ஆலை என்றால் அந்நியமாதல். கடிகாரம் என்றால் மரணம். இந்தக் கட்டுரையில் வரும் கார் கார்தான், பேட்டரி பேட்டரிதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேச விரும்புவது காரணம் என்பதைப் பற்றி. ஒரு விளைவுக்கு இதுதான், இன்னார்தான் காரணம் என்று சொல்லும் உரிமை நமக்கு எப்போது வருகிறது? தத்துவப் புத்தகங்களில் இந்தக் கேள்வியைச் சந்தித்தபோது எனக்கு அது உறைக்கவில்லை. எங்கள் வீட்டு ஷெட்டில், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் எலக்ட்ரீஷியன் பக்கத்தில் நின்ற ஒரு மாலையில் உறைத்தது.

பிரச்னை எளிமையானது. ராத்திரி காரை நிறுத்துகிறோம். சாவியை எடுத்தாயிற்று. விளக்குகள் எல்லாம் அணைந்திருக்கின்றன. காலையில் ஸ்டார்ட் செய்யப் போனால் 'டக்' என்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. பழைய கார் வைத்திருக்கும் எவருக்கும் இந்தச் சத்தம் தெரியும். தெரியாதது, அதற்குப் பின்னால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு காரணங்கள் இருக்கலாம் என்பது.

ஒன்று, பேட்டரியே செத்திருக்கலாம். ஆறு அறைகள் கொண்ட பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, முழுதாக ஏற்றப்பட்டு ஓய்வில் இருக்கையில் 12.6 வோல்ட் காட்டும். ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து இறுகிப்போன பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.6 காட்டக்கூடும், ஸ்டார்ட்டர் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியரைக் கேட்ட மறுகணம் 9.6க்கும் கீழே விழுந்துவிடும். சுமை ஏறும்வரை அதன் உண்மை தெரிவதில்லை. இரண்டு, பேட்டரி நன்றாக இருந்தும் அதற்கு ஊட்டம் வராமல் இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவில் காட்டவேண்டியது பன்னிரண்டிலேயே நின்றால் டைனமோவையோ, பெல்ட்டையோ, ரெகுலேட்டரையோ பார்க்கவேண்டும். மூன்று, எல்லாம் இருந்தும் போகிற வழி கெட்டிருக்கலாம். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு எர்த் பட்டை உண்டு. அது துருவேறி அறுந்துவிட்டால், ஸ்டார்ட்டர் கேட்கிற கரண்ட் திரும்பி வர வேறு வழி தேடும். சில சமயம் சோக் கேபிள் வழியாகப் போய் அது சுட்டுப் புகையும். இதற்குப் புதுப் பேட்டரி போட்டு ஒரு பயனுமில்லை.

நான்காவது காரணம்தான் கசிவு. எல்லாம் அணைந்த பிறகும் எங்கோ ஒரு வழியில் கரண்ட் போய்க்கொண்டே இருப்பது. அதன் கணக்கு பயங்கரமாக எளியது. ஐந்து வாட் பல்பு ஒன்று எரிவதற்கு ஏறக்குறைய 0.4 ஆம்பியர் வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-மணிக்குக் கொஞ்சம் குறைவு. பேட்டரியின் கொள்ளளவு அறுபது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். மூன்று நாளில் பாதி. பாதி போன பழைய பேட்டரி எஞ்சினைத் திருப்பாது.

இன்றைய கார்கள் முழுக்க அணைவதே இல்லை. நிறுத்திப் பூட்டிய பிறகும் அவற்றின் கணினிகள் அரைத் தூக்கத்தில் இருக்கின்றன. ஐம்பது மில்லி ஆம்பியர் வரை சகஜம் என்கிறார்கள். பழைய காரில் இந்தச் சமாதானம் கிடையாது. கடிகாரம் ஒன்று இருந்தால் அதற்குச் சில மில்லி ஆம்பியர்; அது போக, அணைத்தது என்றால் பூஜ்யம். பூஜ்யம் இல்லை என்றால் எங்கோ ஏதோ தவறு. தவறு இருக்கிறது என்பது நிச்சயம். எங்கே என்பது தெரியாது. அந்த நிச்சயம்தான் ஆபத்தானது. தவறு இருப்பது உறுதியானவுடன், தவறு செய்தவரைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

2

எங்கள் கார் எழுபதுகளில் செய்தது. அப்பா அதை செகண்ட் ஹாண்டாக வாங்கினார். வீடு பாளையங்கோட்டையில், டவுனில் அப்பாவுக்கு ஜவுளிக் கடை. காலை ஒன்பது மணிக்குக் கடைக்குப் போகவேண்டும், ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பவேண்டும், நடுவில் பார்சல் ஆபீஸ், பேங்க் என்று நாலைந்து நடை. பதினோரு வருஷம் ஒரே டிரைவர். 'டிரைவர் அண்ணாச்சி' என்றுதான் நாங்கள் கூப்பிட்டோம். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

1999-ல் எனக்குப் பதினோரு வயது. அந்த வருஷம் திங்கட்கிழமைகளில் கார் ஸ்டார்ட் ஆகாமல் போக ஆரம்பித்தது. எல்லாத் திங்கட்கிழமையும் இல்லை; ஆனால் நின்றால் திங்கட்கிழமைதான் நின்றது. தெருப் பையன்களோடு நானும் சேர்ந்து தள்ளியிருக்கிறேன். அப்பா அதை யோசித்தார். அவர் முட்டாள் இல்லை, வியாபாரி. திங்கட்கிழமைக்கு முன்னால் வருவது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. அன்றைக்குக் காரோடு தனியாக இருப்பது ஒரே ஒரு ஆள்: காலையில் வந்து வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு மத்தியானம் போகிற டிரைவர். காரில் முந்தின வருஷம்தான் கேஸட் பிளேயர் வைத்திருந்தது.

ஒரு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா என்னைக் கேட்டார்: "ஞாயித்துக்கெழம அவன் வண்டிக்குள்ள உக்காந்திருக்கத நீ பாத்திருக்கியால?"

"ஆமாப்பா. கதவத் தொறந்து வச்சிட்டு உள்ள இருந்தாவ."

பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா என்று அப்பா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஓடவில்லை. அவர் டாஷ்போர்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. இதை நான் பல வருஷம் எனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

புதுப் பேட்டரி வாங்கினார்கள். விலையை மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தார் அப்பா. ஆறு வாரம் கார் ஒழுங்காக ஓடியது. ஏழாவது திங்கட்கிழமை மறுபடியும் 'டக்'. புதுப் பேட்டரிக்குத் தாங்கும் சக்தி அதிகம்; கசிவு அதைத் தின்று தீர்க்க அத்தனை காலம் ஆயிற்று என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று அதற்கு வேறு வியாக்யானம் கிடைத்தது: 'கொஞ்ச நாள் பயந்து கிடந்தான், மறுபடி ஆரம்பிச்சிட்டான்.' அவர் மறுத்தார். "எங்கயோ கரண்ட் லீக் ஆகுது மொதலாளி, ஒரு எலக்ட்ரீஷியன்ட்ட காட்டிருவோம்" என்றார். அந்த யோசனை சாக்காகக் கேட்டது. பாட்டுக் கேட்டதைவிட, கேட்கவில்லை என்று சொன்னதுதான் அப்பாவுக்குப் பெரிய குற்றமாகப் பட்டது. தீபாவளி முடிந்த வாரம் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்.

புது டிரைவர் வந்தார். சனிக்கிழமை ராத்திரி வண்டியை ஷெட்டில் விட்டதும் ஸ்பானரை எடுத்து பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றி வைத்துவிடுவார். முன்பு வேலை பார்த்த இடத்தில் பழகியதாம். திங்கட்கிழமை மாட்டினால் ஒரே திருகில் ஸ்டார்ட் ஆயிற்று. அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்: "பாத்தேளா, ஆள மாத்தினேன், வண்டி சரியாயிட்டு."

3

ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-ல் வெளியிட்ட தர்க்க நூலில், காரணத்தைக் கண்டுபிடிக்கச் சில முறைகளை வகுத்துத் தருகிறார். பி.ஏ. படிக்கும்போது அதைச் சுருக்கப் புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன். விளைவு தோன்றும் இடங்களிலெல்லாம் பொதுவாக இருப்பது எது என்று பார்ப்பது ஒரு முறை. மற்றெல்லாம் ஒன்றாக இருந்து, ஒன்று மட்டும் இருக்கும்போதும் இல்லாதபோதும் விளைவு மாறுகிறதா என்று பார்ப்பது இன்னொரு முறை. நம் நையாயிகர்கள் இதையே அந்வயம், வ்யதிரேகம் என்று வெகுகாலத்துக்கு முன்பே பேசியிருக்கிறார்கள்.

அப்பா மில்லைப் படித்தவரல்ல. ஆனால் அவர் செய்தது இந்த இரண்டையும்தான். கார் நின்ற திங்கட்கிழமைகளுக்கெல்லாம் முன்னால் டிரைவர் தனியாக இருந்த ஞாயிற்றுக்கிழமை இருந்தது, அது அந்வயம். டிரைவரை நீக்கினார், நோய் நீங்கிற்று; அது வ்யதிரேகம். சாட்சியும் இருந்தது; அந்த சாட்சி நான். மூடத்தனத்தினாலோ வெறுப்பினாலோ வந்த தீர்ப்பாக இது இருந்திருந்தால் எனக்கு இதில் பிரச்னையே இருந்திருக்காது. அது தர்க்கத்தினால் வந்த தீர்ப்பு.

எங்கே தவறியது? இரண்டு இடங்களில். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு குணங்கள் இருந்தன. டிரைவர் தனியாக இருந்தார் என்பது ஒன்று. சனி ராத்திரி ஒன்பதிலிருந்து திங்கள் காலை ஒன்பது வரை முப்பத்தாறு மணி நேரம் எஞ்சினே ஓடவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவது குணத்துக்கு முகம் இல்லை. ஆகவே அது கண்ணில் படவில்லை. அடுத்தது, டிரைவரை மாற்றியபோது கூடவே இன்னொன்றும் மாறியது: வயர் கழற்றப்பட்டது. ஒரே சமயத்தில் இரண்டை மாற்றிவிட்டு, பலனை ஒன்றின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

பாங்கில் சேர்ந்த புதிதில் எனக்கு இதே பாடத்தை ஒரு சீனியர் சொல்லித் தந்தார். லெட்ஜரைக் கையால் கூட்டிய காலத்து மனிதர். கணக்கு உதைத்தால் முதலில் வித்தியாசத்தைப் பார், ஆளைப் பார்க்காதே என்பார். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம், ஐம்பத்துநாலு நாற்பத்தைந்தாக. இரட்டைப்படையானால் அதில் பாதித் தொகை பற்றிலிருந்து வரவுக்குத் தாவியிருக்கலாம். தவறின் உருவமே தவறு எங்கே என்பதைச் சொல்லும், அதைக் கேட்கப் பொறுமை வேண்டும் என்பது அவர் கட்சி. பணம் குறைந்த சாயங்காலங்களில் காஷியரின் முகத்தைப் பார்க்கிறவர்களையும், வவுச்சர்களை மறுபடி புரட்டுகிறவர்களையும் நான் இரு வகையாகப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். தீரவே தீராத வித்தியாசத்துக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று இருக்கிறது. 'இன்னும் தெரியவில்லை' என்பதற்கும் ஒரு தலைப்பு வைத்து, அதையும் ஒழுங்காகப் பதிந்து வைப்பது. மனித நாகரிகத்தின் நல்ல கண்டுபிடிப்புகளில் ஒன்றாக எனக்கு அது படுகிறது. நம் மனசில் அந்தக் கணக்கு இல்லை. அங்கே ஒவ்வொரு குறைவும் அன்றன்றைக்கே யாராவது ஒருவர் பெயரில் எழுதப்பட்டாகவேண்டும்.

பெயரில் எழுதுவது என்ற பழக்கத்துக்குக் கார் உலகத்திலேயே ஒரு பிரசித்தமான உதாரணம் உண்டு. பழைய பிரிட்டிஷ் கார்களின் மின்சாமான்கள் பெரும்பாலும் லூகாஸ் கம்பெனியுடையவை. விளக்கு அணைந்தால், வண்டி நின்றால், எல்லாப் பழியும் ஜோசப் லூகாஸ் தலையில் விழும். அவருக்கு 'இருளின் இளவரசன்' என்று ஒரு பட்டமே சூட்டிவிட்டார்கள். வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய வண்டிகளைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால் பாதி நேரம் கிடைப்பது துருவேறிய எர்த் இணைப்பும், யாரோ பின்னால் வந்து டேப் சுற்றி ஒட்டிய வயரும்தான். லூகாஸின் வயர்களுக்கோ ஒரு நேர்மையான நிற ஒழுங்கு உண்டு. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக, எப்போதும் உயிரோடு இருப்பது. ஊதாவும் எப்போதும் உயிரோடு இருப்பதுதான், ஆனால் பியூஸ் வழியாக. வெள்ளை, சாவி திறந்தால்தான். பச்சை, சாவி திறந்து பியூஸைத் தாண்டி வருவது. கறுப்பு, எர்த். அணைத்த வண்டியில் கசிவு என்றால் பழுப்பிலும் ஊதாவிலும்தான் முதலில் தேடவேண்டும் என்பதை இந்த நிறங்களே சொல்லிவிடும். பட்டம் சூட்டியவர்கள் இவ்வளவு தூரம் வரவில்லை. பட்டம் தேடுதலை முடித்து வைத்துவிடுகிறது.

நம் விமர்சனத்தில் இது எப்படி நடக்கிறது என்று நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. ஒரு நாவல் தோற்றுவிட்டது என்று உணர்கிறோம். உணர்ந்தது சரியாகவே இருக்கலாம். உடனே ஜாதி, கட்சி, ஊர், கோஷ்டி என்று கையில் தயாராக இருக்கும் பெயர்களில் ஒன்றில் பற்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். எந்த அத்தியாயத்தில், எந்த வாக்கியத்தில் அது தன் சக்தியை இழக்க ஆரம்பித்தது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிற வேலையை யாரும் செய்வதில்லை. நானும் செய்யாதவர்களில் ஒருவன். இதே மாதிரிப் பக்கங்களில் நான் தீர்ப்புச் சொன்ன ஒரு கவிதைத் தொகுப்பைச் சமீபத்தில் மறுபடி படித்தேன். என் கட்டுரையில் அந்தக் கவிஞரைப் பற்றிய என் கோபம்தான் இருந்தது, கவிதைகள் இல்லை.

4

அப்பா 2019-ல் காலமானார். காரை விற்க எனக்கு மனசு வரவில்லை. 2022-ல் ஒரு நாள் எலக்ட்ரீஷியன் ஒருவரை வரவழைத்தேன். கசிவைத் தேடுவதற்காக அல்ல. கசிவு ஒன்று உண்டென்றே எனக்குத் தெரியாது. ஹார்ன் அடிக்கவில்லை, அதைச் சரி பார்க்க வந்தவர், கழற்றிக் கிடந்த பேட்டரி வயரைப் பார்த்துவிட்டு, "இத ஏன் கழத்திப் போட்டிருக்கிய?" என்று கேட்டார். "எப்பவும் அப்படித்தான், வண்டி நிறுத்தினால் கழற்றிவிடுவோம்" என்றேன். எங்கள் வீட்டில் அது வாசலில் செருப்பைக் கழற்றுவது போல் ஆகிவிட்டிருந்தது. புது டிரைவர் இரண்டு வருஷத்தில் போய்விட்டார். அதன்பின் அப்பாவே அந்த வேலையைச் செய்துவந்தார், கடைசி வருஷங்கள் வரை, தினமும் ராத்திரி.

"ஏன்?" என்றார் மறுபடி.

பதில் இல்லாததால் தேட ஆரம்பித்தோம். அவர் முதலில் ஒரு டெஸ்ட் லாம்பை எடுத்தார். ஒரு முனை பேட்டரியின் நெகடிவ் முளையில், மறுமுனை கழற்றிய வயரில். எல்லாக் கதவும் சாத்தி, எல்லா ஸ்விட்சும் அணைத்து. விளக்கு மங்கலாகச் சிவந்தது. எரியக் கூடாத விளக்கு. பிறகு அதே இடத்தில் மீட்டரைப் பத்து ஆம்பியர் துளையில் போட்டு வைத்தார். 0.42.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை விளக்கவேண்டும். கட்டுரையின் மையம் எனக்கு இதில்தான் இருக்கிறது. மீட்டரால் வோல்ட்டையும் அளக்கலாம், ஆம்பியரையும் அளக்கலாம். வோல்ட் அளக்கும்போது மீட்டர் பக்கத்தில் நிற்கிறது. இரண்டு முனையையும் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுகிறது, அதன் வழியே எதுவும் ஓடவேண்டியதில்லை. ஆம்பியரை அப்படி அளக்க முடியாது. ஓடுகிற வழியை வெட்டி, வெட்டிய இடத்தில் மீட்டரையே வைக்கவேண்டும். கசிகிற கரண்ட் முழுவதும் மீட்டருக்குள்ளாக ஓடினால்தான் எவ்வளவு கசிகிறது என்று அதற்குத் தெரியும். அளக்கிறவன் சுற்றுக்குள் வந்தாகவேண்டும். ஆபத்தும் உண்டு: மறந்துபோய் அந்த நிலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் பியூஸ் போய்விடும்.

எங்கள் வீட்டு விசாரணையில் எல்லோரும் வோல்ட் மீட்டராக இருந்தோம். பக்கத்தில் நின்று தொட்டுப் பார்த்துச் சொன்னோம். நான் பார்த்ததைச் சொன்னேன். அப்பா கேட்டதை எடைபோட்டார். ஒருவரும் சுற்றுக்குள் இல்லை, ஒருவரைத் தவிர.

பியூஸைப் பிடுங்கிப் பார்ப்பது அடுத்த படி. ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும், ஒன்றை எடுத்து மீட்டரைப் பார்த்து, திரும்ப மாட்டிவிட்டுத்தான் அடுத்தது. எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்தப் பாதையில் கசிவு. இந்தப் பழைய வண்டிகளில் பியூஸே இரண்டுதான். இரண்டையும் எடுத்துப் பார்த்தார். 0.42 அசையவில்லை. டைனமோ ஓடாதபோது அதைப் பேட்டரியிலிருந்து பிரித்து வைக்கிற கட்-அவுட் ஒன்று உண்டு. அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் பேட்டரி டைனமோ வழியாகவே வடிந்துவிடும். அந்த வயரையும் கழற்றினார். 0.42.

"பியூஸ் இல்லாத லைன்ல இருக்கு" என்றார். ஹெட்லைட், இக்னிஷன் போன்றவை இந்த மாதிரி வண்டிகளில் பியூஸ் வழியாகப் போவதில்லை. பியூஸ் என்பது ஒரு வகையில் சந்தேகப்படுவதற்காகவே வைக்கப்பட்ட இடம். எளிதில் பிடுங்கலாம், எளிதில் திரும்ப மாட்டலாம். சந்தேகப்படும் வசதி இல்லாத பாதைகளில் தேடுவது கஷ்டம். வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போகவேண்டும். அவர் பழுப்பு வயரைப் பிடித்துக்கொண்டு போனார். டாஷ்போர்டுக்கு அடியில் ஓரிடத்தில் அதன்மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அங்கிருந்து ஒரு சிவப்பு வயர் கிளைத்து, கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடி, முன்சீட்டுக்குக் கீழே போயிற்று. சீட்டுக்கு அடியில் கைவிட்டவர் என் கையைப் பிடித்து உள்ளே வைத்தார். ஒரு தகரப் பெட்டி. இளஞ்சூடாக இருந்தது.

அது கேஸட் பிளேயருக்கான ஆம்ப்ளிபையர். 1998-ல் என் சித்தப்பா கல்யாணத்துக்கு முன்னால் வைத்தது. பிளேயரை அணைத்தாலும் அது அணையாதபடி எல்லா வயரையும் சேர்த்து நேரே பழுப்பில் கட்டியிருந்தார்கள். ஏன் அப்படி என்பதற்கு எனக்கு யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. வைக்கும்போது நான் கூட இருந்தேன். டிரைவர் சாவியை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டால் பாட்டு நின்றுபோகிறது. சாவி இல்லாமலே பாடவேண்டும் என்று சொன்னது அப்பா.

சிவப்பு வயரை விலக்கினார். மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது.

5

ஆக, கசிவு அப்பா போட்ட வயர். இதோடு கட்டுரையை முடித்திருந்தால் 'தீர விசாரிக்காமல் தண்டிக்காதே' என்ற நீதிக்கதையாக அமைந்திருக்கும். அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பியவனைச் சந்தேகிப்பதும் தீராத துன்பத்தைத் தரும் என்று வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தை முடிக்கிறார். பதினோரு வருஷம் கூட இருந்தவரைப் பற்றி அப்பாவுக்கு அதை யாரும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. என்னை உறுத்துவது வேறு.

திருடன் போய்விட்டான் என்று நம்புகிறவன் ராத்திரிதோறும் ஏன் வயரைக் கழற்றவேண்டும்?

புது டிரைவர் கழற்றினார், சரி. அது அவர் பழக்கம். அவரும் போன பிறகு, அப்பா தன் கையால், ஸ்பானரைப் பிடித்து, பதினைந்து வருஷங்களுக்கு மேல் கழற்றியிருக்கிறார். ஒரு நாள் கழற்றாமல் விட்டுப் பார்த்திருப்பார். காலையில் 'டக்' என்று கேட்டிருக்கும். அன்றைக்கே தெரிந்திருக்கும், பாட்டுக் கேட்க ஆளே இல்லாத ஷெட்டிலும் பேட்டரி காலியாகிறது என்று. இது என் ஊகம்தான். ஆனால் வேறு எதனால் ஒரு மனிதர் இத்தனை வருஷம் இதைச் செய்வார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் வாய் கடைசிவரை 'ஆள மாத்தினேன், சரியாயிட்டு' என்றே சொல்லிற்று. கை வேறொன்றைத் தெரிந்து வைத்திருந்தது. கைக்கும் வாய்க்கும் நடுவே இருந்த பாதையை அவர் கழற்றி வைத்திருந்தார்.

ஒரு தவறான தீர்ப்பைச் சொல்வது ஒரு தினுசு. அந்தத் தீர்ப்பு தவறென்று காட்டக்கூடிய சோதனையைத் தினமும் தள்ளிப் போட்டுக்கொண்டே, அதன் விளைவிலிருந்து மட்டும் தப்பித்துக்கொள்வது வேறு தினுசு. முதலாவதற்கு அறியாமை சமாதானமாகும். இரண்டாவதற்கு எது சமாதானம்? வயரைக் கழற்றி வைப்பது கசிவை நிறுத்தும், கண்டுபிடிக்காது. கசிவோடு சௌகர்யமாக வாழ்வதற்கு அதைவிட நல்ல உபாயம் கிடையாது.

இதை அப்பாவைக் குற்றவாளியாக்குவதற்காக எழுதவில்லை. அப்படிச் செய்தால் பெயரில் எழுதுகிற அதே வேலையை நானும் செய்தவனாவேன். அதுவும் பதில் சொல்ல முடியாத ஒருவர் பெயரில். என் பங்கைச் சொல்கிறேன். பாட்டு ஓடவில்லை என்று சொல்லாத பையன் வளர்ந்தான், பி.ஏ. படித்தான், மில்லைப் பரீட்சையில் எழுதினான், பாங்கில் வித்தியாசங்களைத் தேடிச் சம்பளம் வாங்குகிறான். அவனும் அந்த வயரை மூன்று வருஷம் கழற்றி மாட்டினான். ஏன் என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டதில்லை. கேட்டது வெளியிலிருந்து வந்த ஒரு எலக்ட்ரீஷியன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிரைவர் அண்ணாச்சியைத் தேடிப் போனேன். எங்கள் கடையிலிருந்து போன பிறகு டவுனில் யாரும் அவரைச் சொந்த வண்டிக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஊர் சின்னது, விஷயம் பரவிவிட்டது. லோடு வண்டி ஓட்டியிருக்கிறார். இப்போது கண் சரியில்லை. மகன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் சொல்லவேண்டியிருந்தது. அப்பா தவறியதற்குத் துக்கம் விசாரித்தார். பிறகு நான் சொன்னேன், ஆம்ப்ளிபையரை, சிவப்பு வயரை, எல்லாவற்றையும். அவர் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் கேட்டது இதுதான்:

"எத்தன ஆம்பியர் காட்டிச்சி தம்பி?"

"பாயிண்ட் நாலு. நாலு ரெண்டு."

கொஞ்சம் கணக்குப் போட்டார். "அப்பம் சனிக்கெழம ராத்திரி நிறுத்தினா திங்கக்கெழம இழுக்காது. சரிதான்" என்றார். சற்றுக் கழித்து, எங்கோ பார்த்துக்கொண்டு: "டெர்மினலக் கழத்திப் போட்டுத்தான் வண்டிய நிறுத்துதாவன்னு கேள்விப்பட்டேன். அப்பமே வெளங்கிட்டு எனக்கு. மொதலாளிக்கும் வெளங்கியிருக்கும்."

"நீங்க வந்து சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி."

"கேட்டாவன்னா சொல்லலாம்."

அவர் பணத்தைப் பற்றி, அந்த மூன்று மாதச் சம்பளத்தைப் பற்றி, ஒன்றும் சொல்லவில்லை. நான் கவரில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். 1999-ன் தொகை, பாங்க் வட்டியோடு கணக்குப் பார்த்து. அதை எடுக்கக் கூச்சமாக இருந்தது. கிளம்பும்போது திண்ணையில் வைத்தேன். அவர் தடவிப் பார்த்து, என்னவென்று தெரிந்துகொண்டு, வேண்டாமென்றும் சொல்லவில்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை. அது அங்கேயே இருக்க நான் வந்துவிட்டேன்.

காரில் இப்போது கசிவில்லை. வயரை யாரும் கழற்றுவதில்லை. மூன்று நாள் நிறுத்தி வைத்தாலும் ஒரே திருகில் ஸ்டார்ட் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் எனக்கு அது ஒரு நிரூபணமாகத்தான் கேட்கிறது. இருபத்துமூன்று வருஷம் தாமதமாக, ஒரு ஷெட்டில், என் ஒருவனுக்கு.